கரியும் இரும்பும்: ஓசூர் பட்டறையில் ஒரு கிரில் ஸ்டாண்டு

இன்னைக்கு ஒரே ஒரு பொருளை மட்டும் எடுத்துப் பேசப் போறேன். மூணடி நீளம், ஒன்றரை அடி அகலம், இடுப்பு உயரம். நாலு கால், மேல ஒரு சட்டம், கீழ ஒரு சட்டம். மேல் சட்டத்துக்குள்ள ஒரு தகரத் தொட்டி, தொட்டிக்குள்ள கரி, கரிக்கு மேல கம்பி வலை, வலைக்கு மேல கோழி. சாயங்காலம் ஏழு மணிக்கு ஓசூர்ல பாகலூர் ரோட்டுலயோ தளி ரோட்டுலயோ நடந்தீங்கன்னா இந்தப் பொருளைப் பார்க்காம தாண்ட முடியாது. இது பெரும்பாலும் கடையில ரெடிமேடா வாங்கினதா இருக்காது. பக்கத்து வெல்டிங் பட்டறையில அளவு சொல்லிச் செஞ்சதா இருக்கும்.

இன்னைக்கு முழுக்க 'கரி', 'கறி' ரெண்டும் வரும். சின்ன ர போட்டா எரியுறது, பெரிய ற போட்டா வேகுறது. நம்ம விஷயம் சின்ன ர.

இந்த ஸ்டாண்டுல ரெண்டே பொருள்தான், இரும்பும் கரியும். இவங்க ரெண்டு பேரும் கிருஷ்ணகிரி மாவட்டத்துல சந்திச்சு நாலாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்த முதல் சந்திப்புல கரி இரும்பை உண்டாக்குச்சு. இப்போ நம்ம கிரில்லுல அதே கரி அந்த இரும்பைத் தின்னுக்கிட்டு இருக்கு. பட்டறைக்காரர் ஒரு கிரில்லுக்குச் சட்டம் அடிக்கும்போது செய்யுற பாதி வேலை, இந்தத் தின்னுறதைத் தள்ளிப் போடத்தான்.

முதல் சந்திப்புல இருந்து வர்றேன். பர்கூர் பக்கம் தொகரப்பள்ளிகிட்ட மயிலாடும்பாறைன்னு ஒரு இடம். தமிழ்நாடு தொல்லியல் துறை 2021-ல அங்க அகழாய்வு பண்ணாங்க. இரும்பு கிடைச்ச மண்ணடுக்கோட காலத்தை ஆய்வகத்துல கணிச்சப்போ பொது ஆண்டுக்கு முன் 2172-ன்னு வந்துச்சு. 2022 மே மாசம் சட்டமன்றத்துல முதல்வர் அதை அறிவிச்சார். கணக்குக்கு 4200 வருஷம். அப்புறம் 2025 ஜனவரியில தூத்துக்குடி மாவட்டம் சிவகளைக்கு பொது ஆண்டுக்கு முன் 3345-ன்னு அதைவிடப் பழைய காலக்கணிப்பு வெளியாச்சு. இந்தத் தேதிகள் மேல அறிஞர்கள் நடுவுல விவாதம் நடக்குது, நடக்கணும். எனக்கு இதுல பிடிச்சது வேற ஒரு சின்ன விஷயம். இரும்புக்கு நேரடியா வயசு பார்க்குறது ரொம்பக் கஷ்டம். அதுகூட அதே அடுக்குல கிடைக்கிற கரித்துண்டு மாதிரியான கரிமப் பொருளுக்குத்தான் வயசு பார்ப்பாங்க. இரும்போட பிறந்த தேதியைச் சொல்றதுக்கும் கரிதான் சாட்சி.

சரி, கரி எப்படி இரும்பை உண்டாக்குச்சு? பத்தாம் வகுப்பு கெமிஸ்ட்ரிதான், பயப்படாதீங்க. இரும்புத் தாதுன்னா இரும்பும் ஆக்சிஜனும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்குற கல். அதுல இருந்து ஆக்சிஜனைப் பிரிச்சாத்தான் இரும்பு. களிமண்ல ஆள் இடுப்பு உயரத்துக்கோ நெஞ்சு உயரத்துக்கோ ஒரு உலை கட்டி, கரியும் தாதும் மாத்தி மாத்திக் கொட்டி, துருத்தியால ஊதுவாங்க. உள்ள காத்து அளவாத்தான் போகும். காத்து பத்தாம எரியுற கரி, கார்பன் மோனாக்சைடு வாயுவை விடும். அந்த வாயுவுக்கு ஆக்சிஜன் பசி. தாதுல இருக்குற ஆக்சிஜனைப் பிடுங்கிக்கிட்டுப் போயிடும். மிச்சம் இருக்குறது இரும்பு.

ஆனா அது உருகி ஓடாது. இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேணும். அந்த உலையில சுமார் 1200 டிகிரிதான் வரும். அதனால பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையா ஒரு இரும்புக் கட்டி கிடைக்கும், அதுக்குள்ள கண்ணாடி மாதிரி அழுக்கு மாட்டியிருக்கும். அதைச் சூட்டோட சம்மட்டியால அடிச்சு அடிச்சு அழுக்கை வெளியேத்தணும். அந்த அழுக்குதான் கிட்டம். வெல்டிங் பண்ணின பிறகு சுத்தியால தட்டி எடுக்குற கருப்பு ஓட்டை 'ஸ்லாக்'னு சொல்றோமே, அதோட சொந்தக்காரன். தொல்லியல்காரங்க ஒரு ஊர்ல இரும்பு செஞ்சாங்களான்னு பார்க்க இரும்பைத் தேட மாட்டாங்க, அது துருப்பிடிச்சுப் போயிருக்கும். கிட்ட மேட்டைத்தான் தேடுவாங்க.

இதே நம்ம கிரில்லைப் பாருங்க. மேல திறந்து கிடக்கு. அடியில துளை போட்டு, விசிறியால விசிறி, முடிஞ்ச அளவு காத்து கொடுக்குறோம். பழைய உலை இரும்புகிட்ட இருந்து ஆக்சிஜனைப் பிடுங்குச்சு. இந்தத் தொட்டி சூடா இருக்குற இரும்புக்கு ஆக்சிஜனைத் திருப்பிக் கொடுக்குது. ஆறு மாசம் கழிச்சு தொட்டி அடியில செதில் செதிலா ஒரு கருஞ்சாம்பல் தகடு உரியும். சாம்பல்னு நினைச்சுத் தட்டிடுவோம். அது இரும்பு ஆக்சைடு. கிட்டத்தட்ட தாது. நாலாயிரம் வருஷ வேலை ரிவர்ஸ்ல ஓடுது.

இப்போ கணக்கு. நான் சொன்ன அளவு ஸ்டாண்டுக்கு 25க்கு 25, மூணு மில்லி தடிமன் ஆங்கிள் போட்டா சுமார் 9 மீட்டர் போகும். மீட்டருக்கு 1.1 கிலோ. பத்து கிலோன்னு வச்சுக்கோங்க. பழைய உலையில ஒரு கிலோ இரும்புக்கு நாலு கிலோ கரின்னு ரொம்பத் தாராளமா, குறைச்சுக் கணக்கு போடுறேன். நிஜத்துல அதைவிட நிறையவே ஆகும். ஒரு கிலோ கரிக்குச் சுமார் அஞ்சு கிலோ விறகு. அப்போ இந்த ஒரு ஸ்டாண்டோட கால்களுக்கும் சட்டத்துக்கும் மட்டும் 200 கிலோ மரம். தாது மலையில கொட்டிக் கிடந்தது. ஆளும் இருந்தாங்க, கைத்திறமையும் இருந்தது. எல்லாத்தையும் பிடிச்சு நிறுத்தினது கரிதான்.

இதை நம்பிப் பணத்தைப் போட்டு மாட்டிக்கிட்ட ஒருத்தர் கதை இருக்கு. ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியோட மதராஸ் சிவில் சர்வீஸ்ல இருந்த ஆள், சேலம் பக்கம் வேலை பார்த்தவர். கஞ்சமலைத் தாதைப் பார்த்து அசந்து போயிட்டார். அது நல்ல தாதுதான், மேக்னடைட். அப்போ இங்கிலாந்துல தென்னிந்திய எஃகு பத்தி ஏற்கெனவே பேச்சு ஓடிக்கிட்டு இருந்தது. 'ஊட்ஸ்'னு அவங்க எழுதினாங்க. கன்னட 'உக்கு'தான் அப்படி ஆச்சுன்னு பரவலா சொல்றாங்க. ஓசூர்க்காரங்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்ல. கன்னடத்துலயும் தெலுங்குலயும் உக்கு, தமிழ்ல உருக்கு, தெருவுல மூணும் கேட்கும். 1795-ல ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில இதைப் பத்தி ஒரு ஆய்வு படிச்சார். பின்னாடி மைக்கேல் ஃபாரடேவும் இந்த எஃகை வச்சு மண்டையை உடைச்சுக்கிட்டார்.

ஹீத் வேலையை விட்டுட்டு 1830-ல கடலோரம் பரங்கிப்பேட்டையில ஒரு இரும்பு ஆலை தொடங்கினார். ஐரோப்பா மாதிரி பெரிய ஊதுலை. தாது சேலம் பக்கத்துல இருந்து போச்சு. ஆனா எரிபொருள்? இங்கிலாந்துல ஆப்ரகாம் டார்பி 1709-லயே கல்கரியைச் சுட்டெடுத்த 'கோக்'ல இரும்பு உருக்கிக் காட்டிட்டார். அங்க காடு தீர்ந்தாலும் சுரங்கம் இருந்தது. மதராஸ் ராஜதானியில அப்போ கல்கரி இல்ல. அதனால ஹீத்தோட ராட்சச உலைக்கும் அதே மரக்கரிதான். சுத்தி இருந்த காட்டை வெட்டினாங்க. அது தீர்ந்ததும் இன்னும் தள்ளி, அப்புறம் இன்னும் தள்ளி. தூரம் கூடக் கூட கரி விலையும் கூடிக்கிட்டே போச்சு. இரும்பு நல்ல இரும்புதான், ஷெஃபீல்டுல வாங்கினாங்க. லாபம் மட்டும் வரல. 1853-ல ஈஸ்ட் இந்தியன் அயர்ன் கம்பெனின்னு புதுப் பேர்ல ஆலை கைமாறிச்சு. 1870-கள்ல கதை முடிஞ்சது.

ஹீத்துக்கு இன்னொரு அடியும் விழுந்துச்சு. இங்கிலாந்து திரும்பி, எஃகுல மாங்கனீஸ் சேர்க்குற ஒரு முறைக்கு 1839-ல காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டே அதைப் பயன்படுத்துச்சு. ஆனா மூலப்பொருளைக் கொஞ்சம் மாத்திப் போட்டு, 'இது உங்க முறை இல்ல'ன்னு சொல்லிட்டாங்க. வழக்கு நடத்தியே ஓய்ஞ்சு 1851-ல செத்துப் போனார். சாஃப்ட்வேர்ல இருக்குறவங்களுக்கு இந்தக் கதை புதுசா இருக்காது.

ஹீத்துக்காவது பேர் மிஞ்சிச்சு. ஊர் ஊருக்குச் சின்ன உலை வச்சிருந்தவங்க பேர் எதுவும் நம்மகிட்ட இல்ல. கப்பல்ல வந்த மலிவான இரும்பு ஒரு பக்கம். 1882 மதராஸ் வனச் சட்டம் இன்னொரு பக்கம். ஒதுக்குக் காடுன்னு கோடு போட்ட பிறகு உள்ள போய்க் கரி சுடுறது குத்தம். காட்டைக் காப்பாத்த அந்தச் சட்டம் வேணும்தான்னு வாதிடலாம். ஆனா காட்டைத் தின்ன பெரிய உலை பரங்கிப்பேட்டையில இருந்தது. பூட்டு விழுந்தது கிராமத்து உலைக்கு. இது எனக்கு ஒப்பல.

எல்லைக்கு அந்தப் பக்கம் கரி இன்னும் கொஞ்ச காலம் தாக்குப் பிடிச்சது. விஸ்வேஸ்வரய்யா முன்னால நின்னு கொண்டு வந்த பத்ராவதி இரும்பாலை 1923-ல உற்பத்தி தொடங்கினப்போ, அதோட ஊதுலை மலைநாட்டுக் காட்டு மரக்கரியிலதான் எரிஞ்சது. இருபதாம் நூற்றாண்டுல! அப்புறம்தான் மின்சார உலைக்கு மாறினாங்க. சேலத்துல நடந்தது வேற. 1967-ல அண்ணா ஆட்சிக்கு வந்த கையோட சேலம் உருக்காலைக்காக எழுச்சி நாள் கொண்டாடினாங்க. 1970-ல இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1980-களின் தொடக்கத்துல ஆலையும் ஓடுச்சு. ஆனா வெளியில இருந்து வர்ற ஸ்டீலை உருட்டி ஸ்டெயின்லெஸ் தகடு ஆக்குற ஆலையாத்தான் அது வந்தது. கஞ்சமலை அப்படியே நிக்குது.

அப்போ ஓசூருக்கு இரும்பு எப்படி வந்துச்சு? இங்க ஒரு கொள்கையைப் பத்திப் பேசியாகணும், நிறையப் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கை. 1950-கள்ல தொடங்கி 1990-களின் ஆரம்பம் வரைக்கும் இருந்தது. ஸ்டீலை ஜாம்ஷெட்பூர்ல வாங்கினாலும் சென்னையில வாங்கினாலும் ஏறக்குறைய ஒரே விலை. ரயில் வாடகை வித்தியாசத்தை அரசு சமன் பண்ணிடும். தாதும் கல்கரியும் மண்ணுக்கடியில வச்சிருந்த பீகார், ஒடிசா, வங்காளத்துக்கு இருந்த இயற்கையான சாதகம் போச்சு. சுரங்கமே இல்லாத நம்ம பக்கம் அதே விலைக்கு ஸ்டீல் வாங்கி வண்டி செய்ய முடிஞ்சது.

அந்தக் காலத்துலதான் சிப்காட் ஓசூருக்கு வருது. 1971-ல சிப்காட் உருவாகுது, சில வருஷத்துல ஓசூர்ல நிலம் எடுக்குறாங்க. அப்போ இது தர்மபுரி மாவட்டம், தொழில்ல பின்தங்கின பகுதின்னு சலுகை உண்டு. கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனதே 2004-லதான். பெங்களூரு 40 கிலோமீட்டர். 1980-ல அசோக் லேலண்ட் வருது, அதே வருஷம் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்து வெளிய போகுது. 1980-களின் கடைசியில டைட்டன் கடிகாரம். இப்போ ஏத்தர், போச்சம்பள்ளியில ஓலான்னு பேட்டரி வண்டி.

இந்த ஊரு அடிப்படையில சட்டம் செய்யுற ஊரு. லாரிக்குச் சேஸிஸ்னா ரெண்டு நீளச் சேனல், நடுவுல குறுக்குச் சட்டங்கள், ஏணி மாதிரி. மூட்டுகளைப் பெரும்பாலும் ரிவெட் அடிச்சும் போல்ட் போட்டும் சேர்ப்பாங்க. லாரி மேடு பள்ளத்துல முறுக்கிக்கிட்டே போகும். வெல்டிங் சூடு பட்ட இடத்துல அந்த உறுதியான ஸ்டீல் பலம் குறையும், விரிசலும் அங்கிருந்துதான் தொடங்கும். மொபெட்டுக்கு அப்படி இல்ல, குழாயை வளைச்சு வெல்டு பண்ணிடலாம். கம்பெனிகளைச் சுத்தி பிராக்கெட், ஸ்டாண்டு, டிராலின்னு ஜாப் ஒர்க் பண்ற நூத்துக்கணக்கான ஷெட் முளைச்சது. கம்பெனி ஆர்டர் நல்லா வந்தா கேட்டு, ஜன்னல் கம்பிக்கு நேரம் கிடையாது. 2019-ல வண்டி விற்பனை விழுந்து தொழிற்சாலைகள் வேலையில்லா நாள் அறிவிச்சப்போ, கேட்டும் கிரில் ஸ்டாண்டும்தான் பல ஷெட்டுக்குச் சோறு போட்டிருக்கும்.

வெல்டிங் எங்கிருந்து வந்துச்சுன்னு பார்த்தா, அங்கயும் கரி உட்கார்ந்திருக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டு தொடக்கத்துல லண்டன்ல ஹம்ஃப்ரி டேவி ரெண்டு மரக்கரித் துண்டை பேட்டரியோட ரெண்டு முனையில மாட்டி, கிட்ட கொண்டு வந்து விலக்கினார். நடுவுல கண் கூசுற வில் மாதிரி ஒளி. அதுதான் 'ஆர்க்'. 1880-கள்ல ரஷ்யப் பேரரசுல நிகோலாய் பெனார்டோஸ் கரிம ராடை வச்சு உலோகத்தை ஒட்டிக் காட்டினார். கொஞ்ச வருஷத்துல ஸ்லாவ்யானோவ் கரிமத்துக்குப் பதிலா உருகுற உலோக ராடையே மாட்டினார். ஆனா ஒட்டின இடம் மொறுமொறுன்னு உடையும். காரணம் நம்ம பழைய நண்பர், காத்து. உருகின இரும்பு ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் குடிச்சிடும். ஸ்வீடன்ல ஆஸ்கார் ஷெல்பெர்க் ராடு மேல ஒரு பூச்சு பூசினார். எசாப் கம்பெனியை 1904-ல தொடங்கினவர் அவர்தான். பூச்சு எரிஞ்சு வாயுவா மூடும், உருகி ஓடா மூடும். உலைக்குள்ள கார்பன் மோனாக்சைடு செஞ்ச காவலை இங்க பூச்சு செய்யுது. இன்னைக்கு பட்டறையில பாக்கெட் பாக்கெட்டா கிடக்குற ராடு அதோட பேரன்தான்.

போன மாசம் ஒரு ஸ்டாண்டு செய்யச் சொல்லிட்டு, ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் ஒரு பட்டறையில அரை நாள் உட்கார்ந்திருந்தேன். ஓனர் அண்ணன் இருபது வருஷத்துக்கு முன்னாடி ஐடிஐ முடிச்சவர். ராடு பிடிக்குறது ஜார்க்கண்ட்ல இருந்து வந்த பையன், இருபத்து ரெண்டு வயசு இருக்கும். கொஞ்சம் முன்னாடி சொன்ன கொள்கையை ஞாபகம் வச்சுக்கோங்க. ஸ்டீல் அவன் ஊர்ல, ஸ்டீல் வேலை நம்ம ஊர்ல.

ஆங்கிள் இருபதடி லென்த்ல வரும், கிலோ கணக்குல விலை. இந்த மாதிரி சின்ன ஆங்கிள் நிறைய ரீ-ரோலிங் மில்லுல உருட்டினது. கும்மிடிப்பூண்டி பக்கமெல்லாம் அந்த மில் நிறைய. பழைய இரும்பை மின்சார உலையில உருக்கி வார்ப்பாங்க. நம்ம ஸ்டாண்டோட ஒரு காலுக்குள்ள யாரோ ஒருத்தரோட பழைய மொபெட் இருக்கலாம்.

மேல் சட்டம் 36க்கு 18 அங்குலம். நாலு துண்டும் நாற்பத்தஞ்சு டிகிரியில வெட்டித் தரையில வச்சு, மூலைக்கு ஒரு சின்ன டேக் மட்டும் வச்சான் பையன். உடனே அண்ணன் டேப்பை எடுத்துக் குறுக்கே பிடிச்சார். ஒரு மூலையில இருந்து எதிர் மூலைக்கு நாற்பதே கால். இன்னொரு குறுக்கு நாற்பதே கால். பிதாகரஸ் போட்டுப் பாருங்க, 36-ம் 18-ம் சரியா அதுதான் வரும். ரெண்டு குறுக்கும் சமமா இருந்தா நாலு மூலையும் மட்டம். அப்புறம்தான் முழு வெல்டு. அதுவும் வரிசையா இல்ல, ஒரு மூலை முடிஞ்சா அடுத்தது எதிர் மூலை. வெல்டு ஆறும்போது சுருங்கி இழுக்கும். ஒரே பக்கம் போட்டா சட்டம் கோணிக்கும். மூணு மில்லி ஆங்கிளுக்கு ரெண்டரை மில்லி ராடு, எண்பது ஆம்பியர் சுமாருக்கு. கூட வச்சா ஆங்கிள்ல ஓட்டை விழும்.

தொட்டியைச் சட்டத்தோட வெல்டு பண்ணல. சட்டத்துக்கு உள்பக்கம் நாலு பட்டை ஒட்டி, தொட்டியை அதுமேல சும்மா வச்சாங்க. நீளவாக்குல ரெண்டு நூல் இடைவெளி. நூல்னா அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு, ரெண்டு நூல்னா ஆறு மில்லி சொச்சம்.

"ஏண்ணா ஒட்டலை?"

"ஒட்டினா ரெண்டே வாரம்தான் தம்பி. தொட்டி நீளும், சட்டம் விடாது. ஒண்ணு மூலை பிச்சுக்கும், இல்ல தொட்டி வயிறு தள்ளும்."

வீட்டுக்கு வந்து கணக்கு போட்டேன். இரும்பு ஒவ்வொரு டிகிரிக்கும் தன் நீளத்துல பத்து லட்சத்துல 12 பங்கு நீளும். மூணடித் தொட்டி, 500 டிகிரி சூடேறினா அஞ்சரை மில்லி. அண்ணன் விட்டது ஆறு சொச்சம். ஏணிச் சேஸிஸ்ல ரிவெட் போடுறவங்களுக்கு இருக்குற அதே பயம்தான் இது. அசையுறதைக் கட்டிப் போடாதே.

இன்னொரு காரணமும் உண்டு. 600 டிகிரி கிட்டப் போனா சாதா ஸ்டீலோட பலம் சுமார் பாதியாயிடும். தொட்டி அப்படிப் பழுத்தாலும் தாங்குறது சட்டம். சட்டத்துக்கும் தொட்டிக்கும் நடுவுல காத்து இருக்குறதால கால் சூடேறாது. ரெண்டு வருஷத்துல தொட்டி அரிச்சுப் போனா தொட்டியை மட்டும் மாத்திக்கலாம். சட்டம் பத்து வருஷம் நிக்கும். கோடு எழுதுறவங்க இதுக்குப் பெரிய பெரிய பேர் வச்சிருக்கோம், அண்ணன் பேரே வைக்கல.

பெயின்ட்ல ஒரு தமாஷ். காலுக்கு முதல்ல ரெட் ஆக்சைடு அடிப்பாங்க, செங்கல் கலர்ல. அந்தக் கலர் என்ன தெரியுமா? இரும்பு ஆக்சைடு. துருப்பிடிக்காம இருக்கத் துருவையே அரைச்சுப் பூசுறோம். அது காலுக்கு மட்டும்தான். தொட்டிக்குள்ளயும் வலையிலயும் எந்தப் பெயின்ட்டும் கூடாது.

நீங்க செய்யச் சொன்னா ரெண்டு விஷயத்துல விட்டுக் கொடுக்காதீங்க. முதல்ல, ஜி.ஐ. பைப்பு வேண்டாம். மலிவாத் தெரியும், பளபளன்னு இருக்கும். அந்தப் பளபளப்பு துத்தநாகம். 420 டிகிரியில உருகும், 907-ல கொதிச்சு ஆவியாகும். வெல்டிங் பண்ணும்போது வெள்ளைப் புகையா வரும். அதை முகர்ந்த வெல்டருக்கு அன்னைக்கு ராத்திரி குளிர் காய்ச்சல். பால் குடிச்சா சரியாகிடும்னு பட்டறைகள்ல நம்புறாங்க. பால் அதைத் தடுக்காது. காத்தோட்டமும் முகமூடியும்தான் தடுக்கும். அந்தப் பையன்கிட்ட கருப்புக் கண்ணாடி வச்ச கைப்பலகை இருந்தது. டேக் வைக்கும்போது மட்டும் அதைப் பிடிக்காம கண்ணை மூடிக்கிட்டான். ரெண்டு கையும் வேலையில இருக்குறப்போ மூணாவது கைக்கு எங்க போவான்? தலையில மாட்டுற ஹெல்மெட் ஒண்ணு இருந்தா தீர்ற விஷயம். ராத்திரி கண்ணுல மண்ணு கொட்டின மாதிரி எரியும்னு சொன்னான், அதுக்கு உருளைக்கிழங்கை வெட்டி வச்சுக்கிட்டுப் படுப்பானாம்.

ரெண்டாவது, ட்ரம். 1952-ல சிகாகோ பக்கம் வெபர் பிரதர்ஸ் மெட்டல் ஒர்க்ஸ்ல ஜார்ஜ் ஸ்டீஃபன்னு ஒருத்தர், அங்க செஞ்ச கடல் மிதவையோட உருண்டையைப் பாதியா வெட்டி மூடி போட்ட கிரில் செஞ்சார். உலகம் பூரா வித்த உருண்டை கிரில் அப்படிப் பிறந்ததுதான். பட்டறையில என்ன கிடக்குதோ அதுதான் கிரில் ஆகும். சிப்காட் இருக்குற ஊர்ல என்ன கிடக்கும்? 200 லிட்டர் காலி ட்ரம். அதைப் படுக்க வச்சு நெடுக வெட்டினா ரெண்டு கிரில். ஆனா அந்த ட்ரம்முல முன்னாடி என்ன இருந்ததுன்னு உங்களுக்கும் தெரியாது, வெட்டுறவருக்கும் தெரியாது. தின்னரோ சால்வென்ட்டோ இருந்த ட்ரம்முக்குள்ள ஆவி நின்னா, கிரைண்டர் பொறி ஒண்ணு போதும். காலி ட்ரம் வெட்டப் போய் வெடிச்சு ஆள் செத்த செய்தி திரும்பத் திரும்ப வருது. ரெண்டு மில்லி தகடு வாங்கி வளைச்சுத் தரச் சொல்லுங்க. சில நூறு ரூபா கூட ஆகும், ஆகட்டும்.

கடைசியா கரி. ஓசூர்ல மூட்டை கணக்குல விக்குற கரி நிறைய ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கத்துச் சீமைக்கருவேலம். காட்டு மரம் இல்ல. நிலத்தடித் தண்ணியை உறிஞ்சுதுன்னு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரைக்கும் போய், வேரோட எடுக்கச் சொல்லி உத்தரவு வாங்கின அதே மரம். வெட்டி அடுக்கி, மேல தழையும் வைக்கோலும் போட்டு மண் பூசி மூடி, உள்ள நெருப்பு வச்சு நாள்கணக்குல புகைய விடுவாங்க. கரிமூட்டம்னு பேர். பக்கத்துலயே ஆள் காவல் இருக்கணும், ராத்திரியும்தான். எங்கயாவது மண் விரிஞ்சு காத்து புகுந்தா விறகு கரியாகாம சாம்பலாயிடும். உடனே ஓடிப் போய் மண் அள்ளி அடைக்கணும். மயிலாடும்பாறைக் காலத்து உலைக்குக் கரி சுட்டவரும் ஏறக்குறைய இந்த வேலையைத்தான் செஞ்சிருப்பார்.

எங்க ஸ்டாண்டு தொட்டி, வலை எல்லாம் சேர்த்துத் தராசுல 19 கிலோ வந்துச்சு. அண்ணன் கூலியைத் தனியாச் சொல்லல, எடைக்கே சேர்த்துப் போட்டார். முதல் தடவை கறி வைக்காதீங்க. வெறும் கரியைப் போட்டு ஒரு மணி நேரம் எரிய விடுங்க, தகட்டுல இருக்குற எண்ணெயெல்லாம் போகட்டும். வெளியில வச்சுப் பத்த வைங்க. மூடின அறையிலயோ கதவு சாத்தின பால்கனியிலயோ வேண்டாம். தாதுல இருந்து ஆக்சிஜனைப் பிடுங்கின அந்தக் கார்பன் மோனாக்சைடு, நம்ம ரத்தத்துல ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடிச்சுக்கும்.

அடுத்த எபிசோடு, 1902-ல சிவசமுத்திரத்துல இருந்து கோலார் தங்கவயலுக்குக் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டு போன கதை. அந்த வாரம் பார்ப்போம்.